ஆஸ்துமா சுயகவனிப்புக் கேள்வித்தாளை நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு எப்படிப் பொருத்துவது?

பொருநைக்கரை செவிலி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சமூக நலச் செவிலியர் பிரிவில் ஆய்வு செய்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர் பக்கத்துப் பள்ளிகள்தான் என் களம். ஆஸ்துமா என்று டாக்டர் சொல்லி, மருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிற 13 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் நோயைத் தாங்களே எவ்வளவு தூரம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அறிவதுதான் ஆய்வின் நோக்கம்.

கையில் இரண்டு கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஒன்று, இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த ஆஸ்துமா கட்டுப்பாட்டுச் சோதனை, ஏ.சி.டி. ஐந்தே கேள்விகள், போன நான்கு வாரத்துக் கணக்கு, 5 முதல் 25 வரை மதிப்பெண். இன்னொன்று, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் ஆய்வாளர்கள் வளரிளம் பருவத்தினருக்காகவே உருவாக்கிய சுயநம்பிக்கைக் கேள்வித்தாள். அதில் 27 கேள்விகள். அறிகுறி வந்தால் சமாளிப்பது, மருந்து எடுப்பது, நண்பர்களும் வீடும் பள்ளியும், நோயைப் பற்றிய எண்ணம் என்று நான்கு பகுதிகள். என் சந்தேகம் பெரும்பாலும் இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

வார்த்தைகளில் அவ்வளவு கஷ்டம் இல்லை. பிள்ளைகள் வீசிங் என்கிறார்கள், ஆச்சிமார் இளைப்பு என்கிறார்கள், இரண்டையும் சேர்த்துப் போட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது. என்னை உறுத்துவது அந்தக் கேள்விகளை எழுதியவர்கள் மனதில் வைத்திருந்த பிள்ளைதான். அந்தப் பிள்ளையின் பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். எப்போது எடுக்கவேண்டும் என்று அதுவே முடிவு செய்யும். மூச்சு முட்டினால் என்ன செய்யவேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த செயல்திட்டத் தாள் வீட்டில் இருக்கும். நான் போகிற பள்ளிகளில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்ப்பது அபூர்வம்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். ரோட்டாகேப், அதாவது பொடி அடைத்த கேப்ஸ்யூல், போட்டு இழுக்கிற மருந்து அவனுக்கு. எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "பீரோவுல, ரேஷன் கார்டு இருக்கிற தட்டுல" என்றான். சாவி அம்மாவிடம். ராத்திரி இருமல் வந்தால் அம்மாவை எழுப்புவான். அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, தேவை என்று பட்டால் எடுத்துக் கொடுப்பார். 'தேவைப்படும்போது மருந்தை எடுத்துக்கொள்ள உன்னால் முடியுமா' என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தான். "அம்மா முழிச்சிட்டாவன்னா முடியும் சிஸ்டர்" என்றான். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது? கேப்ஸ்யூலை எப்படிப் போட்டுத் திருகவேண்டும், முதலில் மூச்சை முழுக்க வெளியே விட்டு அப்புறம் எப்படி வேகமாக இழுத்து நிறுத்தவேண்டும் என்று எல்லாம் செய்து காட்டினான். ஒரு குறை சொல்ல முடியாது. அவனைப் போய் நம்பிக்கை குறைந்தவன் என்று கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. ஆஸ்துமாவால் பள்ளியிலோ வீட்டிலோ வேலை தடைப்பட்டதா என்று ஏ.சி.டி.யின் முதல் கேள்வி கேட்கிறது. "ஒருநாளும் இல்ல சிஸ்டர்" என்றாள். அந்த வரிக்கு முழுசாக 5. சரி, காலையிலிருந்து ராத்திரி வரை என்னென்ன செய்வாய் என்று பேச்சை வளர்த்தேன். பத்தாம் வகுப்புக்குப் பி.டி. பீரியடே கிடையாது, கணக்கு சார் எடுத்துக்கொள்வார். ஆற்றுக்குக் குளிக்கப் போவதை விட்டுவிட்டாள், படித்துறை ஏறும்போது மூச்சு வாங்குகிறதாம். தண்ணீர்க் குடம் இப்போது தங்கச்சி பொறுப்பு. மாடியில் துணி காயப்போடுவதும் தங்கச்சிதான். தடைப்படக்கூடிய வேலையையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்ட பிள்ளைக்கு எது தடைப்படும்?

கூடவே, ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும் பொருள்கள் பற்றி ஒரு பக்கம் சேர்க்க நினைக்கிறேன். வெளிநாட்டுத் தாள்களில் தரைவிரிப்பு, செல்லப்பிராணி, மகரந்தம், வீட்டில் யாராவது புகைபிடிக்கிறார்களா என்று இருக்கிறது. முக்கூடலில் பாதி வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று சரியாகத்தான் டிக் போடுவார்கள். ஆனால் மடியில் சுளகோடு அம்மா பீடி சுற்றிக்கொண்டிருப்பார், பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அந்தப் புகையிலைத் தூளை எந்தக் கட்டத்தில் அடைப்பது?

என் வழிகாட்டி, வரிக்கு வரி மூலத்தைப் போலவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மற்ற நாட்டு முடிவுகளோடு ஒப்பிட முடியாது என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எவ்வளவு தூரம் மாற்றலாம்? எந்த இடத்தைத் தாண்டினால் அது அந்தக் கேள்வித்தாளாகவே இருக்காது? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அம்பாசமுத்திரம் குழந்தை மருத்துவர்:

சிஸ்டர், நல்ல கேள்வி. முதலில் அனுமதி விஷயத்தை முடித்துவிடுங்கள். ஏ.சி.டி. உரிமை பெற்ற கேள்வித்தாள். உரிமையாளரிடம் எழுதி, அவர்கள் வெளியிட்ட தமிழ் வடிவம் உண்டா என்று கேட்டு, இருந்தால் அதை மட்டும் பயன்படுத்துங்கள். நாமாக ஒரு தமிழ் ஏ.சி.டி. செய்துவிட்டு 19-க்குக் கீழே, மேலே என்று பேசக்கூடாது. 19 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் கட்டுக்குள் இல்லை என்பது, சோதித்துப் பார்த்த அந்த வாசகங்களுக்கு உரிய எல்லைக்கோடு. சவுத்தாம்ப்டன் தாளுக்கும் அதை உருவாக்கியவர்களுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். இப்படிப்பட்ட சந்தேகங்களை அவர்களிடமே கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணைப் போன்ற பிள்ளைகள் என் ஓ.பி.யில் நிறைய. கூட வரும் அம்மா, "இவ அமைதியான பிள்ள டாக்டர், ஓடியாடமாட்டா" என்பார். சுபாவம் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நாலு மாசம் தடுப்பு இன்ஹேலரை ஒழுங்காக எடுத்த பிறகு அதே பிள்ளை தெருவில் ஷட்டில் ஆடும்.

இதற்கு ஒரு வழி, கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஜூனிப்பர் உருவாக்கிய குழந்தைகள் வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளில் இருக்கிறது. 1996-இல் வந்தது. 7 முதல் 17 வயது வரை, 23 கேள்விகள். அதில் தன்னைச் சிரமப்படுத்துகிற மூன்று செயல்களைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கும். யோசனைக்கு ஒரு பட்டியலும் உண்டு. கனடா என்பதால் ஐஸில் சறுக்குவது, பனிச்சறுக்கு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் கபடி, கோ-கோ, டபுள்ஸ் வைத்து சைக்கிள் மிதிப்பது, ஆற்றில் நீந்துவது, குடம் தூக்குவது என்று போகும். நீங்கள் அந்தத் தாளையே எடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. ஏ.சி.டி.யைக் கொடுத்து முடித்த பிறகு, 'போன வருஷம் செய்துகொண்டிருந்து இப்போது விட்டுவிட்டது என்ன, ஏன் விட்டாய்' என்று தனிப் பக்கத்தில் கேளுங்கள். அதை ஏ.சி.டி. மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கிவிடும். முடிந்தால் மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்று காட்டும் பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதச் சொல்லி, அதிகபட்சத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளை 'ஒன்றும் இல்லை' என்றாலும் குழாயில் ஊதினால் தெரியும்.

ஏ.சி.டி.யின் நான்காவது கேள்வியிலும் கவனம் வேண்டும். நிவாரண இன்ஹேலரோ நெபுலைசரோ எத்தனை முறை என்று கேட்கிறது. அமெரிக்க மூலத்தில் ஆல்பியூட்டரால் என்று இருக்கும், மூச்சுக்குழாயை உடனே விரிக்கிற நம் சால்பியூட்டமால்தான் அது. ஆனால் இங்கே சில பிள்ளைகள் இன்ஹேலரே இல்லாமல் சால்பியூட்டமால் மாத்திரையிலும் டெரிஃபிலினிலும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இன்ஹேலர் எத்தனை முறை என்றால் 'ஒருமுறையும் இல்லை' என்று டிக் போட்டு அதற்கும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். மாத்திரை, ஊசி, ஆஸ்பத்திரியில் ஆவி வைத்தது எல்லாவற்றையும் தனியாக எழுதி வாங்குங்கள். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர் இது. ஆடாதோடை, தூதுவளை, திப்பிலி எடுக்கிற வீடுகள் நிறைய உண்டு. அதையும் கேளுங்கள். திட்டுகிற தொனி வந்துவிடக் கூடாது, வந்தால் மறைத்துவிடுவார்கள்.

இன்னொன்று, 2019 முதல் ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டுதலில் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சால்பியூட்டமால் மட்டும் கொடுத்து நிறுத்தக்கூடாது, ஸ்டீராய்டு இன்ஹேலர் கூடவே இருக்கவேண்டும் என்று வந்துவிட்டது. புடெசொனைடு என்ற ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கிற ஃபார்மோட்டராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் எடுக்கிற பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். நிவாரண மருந்து எது, தடுப்பு மருந்து எது என்று கேட்டால் அவர்கள் குழம்புவார்கள். இங்கிலாந்தில் நீலம், பழுப்பு என்று நிறத்தை வைத்துச் சொல்லும் பழக்கம் உண்டு. ரோட்டாகேப் எடுக்கிற பிள்ளைக்கு அது ஒத்துவராது. மருந்தையே கொண்டுவரச் சொல்லி, கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.


கடையத்துக்காரி, இப்போது சென்னை:

நான் மருத்துவக் கேள்வித்தாள்களைத் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். டாக்டர் சொன்ன அனுமதி விஷயத்தை அப்படியே வழிமொழிகிறேன்.

உங்கள் வழிகாட்டி ஒப்பீட்டைப் பற்றிக் கவலைப்படுவது சரி. ஆனால் வரிக்கு வரி என்று இந்தத் துறையின் வழிமுறைகளே சொல்லவில்லை. 2005-இல் ஐஸ்பார் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட பத்துப் படி முறையை அவரிடம் காட்டுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்குவது, இரண்டையும் ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலமாக்குவது, அப்புறம் அந்த நோய் உள்ளவர்களிடமே கொடுத்து என்ன புரிந்தது என்று கேட்பது, இப்படிப் போகும். கடைசியாகச் சொன்னதற்கு அதில் 5 முதல் 8 பேர் என்று இருக்கிறது. 2000-இல் பீட்டன் குழுவினர் எழுதிய வழிமுறையில் முன்சோதனைக்கு 30 முதல் 40 பேர். இரண்டும் கருத்து ஒத்திருக்கவேண்டும் என்றுதான் வலியுறுத்துகின்றன.

திரும்ப ஆங்கிலமாக்குவதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 'தேவைப்படும்போது மருந்தை எடுத்துக்கொள்ள உன்னால் முடியுமா' என்பதைத் திருப்பினால் மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தும். எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பீரோச் சாவி அதில் தெரியாது. பிள்ளையிடம் பேசினால்தான் தெரியும், நீங்கள் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். அந்தப் பையன் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் ஆய்வறிக்கையில் போடுங்கள்.

எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு நான் பின்பற்றுவதைச் சொல்கிறேன். கேள்வி எதை அளக்கிறதோ அதைத் தொடமாட்டேன். உள்ளே வரும் உதாரணத்தை ஊருக்கு ஏற்றபடி மாற்றுவேன், உரிமையாளருக்குத் தெரிவித்துவிட்டு. அந்த நிலைமையே இங்கு இல்லை என்றால், நீங்கள் சொன்ன செயல்திட்டத் தாள் போல, கேள்வியைத் தூக்கமாட்டேன். 'எனக்கு அப்படி ஒன்று தரப்படவில்லை' என்று தனிக் கட்டம் சேர்க்க அனுமதி கேட்பேன். எத்தனை பிள்ளைகள் அந்தக் கட்டத்தை டிக் செய்கிறார்கள் என்பதே உங்கள் ஆய்வின் முக்கியமான முடிவாக வரலாம். பிள்ளைக்குக் கொடுக்கப்படாத தாளுக்குப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமே இல்லை.

சாவி விஷயத்துக்கு வேறு கருவி இருக்கிறது. ஆஸ்துமாப் பொறுப்புக் கேள்வித்தாள் என்று அமெரிக்காவில் மெக்வெய்ட் குழுவினர் செய்தது. ஒவ்வொரு வேலையையும் முழுக்கப் பெற்றோர் பார்க்கிறார்களா, முழுக்கப் பிள்ளை பார்க்கிறதா, இரண்டு பேருமா என்று கேட்கும். 'முடியுமா' என்பது ஒரு தாளில், 'யார் செய்கிறீர்கள்' என்பது இன்னொரு தாளில் என்று பிரித்துவிட்டால் உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அநியாயம் நடக்காது. மூலமும் கலையாமல் இருக்கும்.

நடத்துகிற விதத்தையும் யோசியுங்கள். பள்ளியில் வைத்து அச்சடித்த தாளைக் கொடுத்தாலே நம் பிள்ளைகளுக்கு அது பரீட்சை. சரியான விடை எது என்று தேடுவார்கள். ஐந்து கட்டம் இருந்தால் ஓரத்துக் கட்டம் இரண்டையும் தவிர்த்து நடுவில் போடுவார்கள், அல்லது நல்ல பிள்ளை என்று பேர் வாங்கக் கடைசிக் கட்டத்தில் போடுவார்கள். நான் தாளைக் கொடுக்கும் முன் நோய்க்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றிரண்டு கேள்வியை வைத்துப் பழக்குவேன். 'தனியா பஸ் ஏறி ஜங்ஷன் வரை போயிட்டு வர உன்னால முடியுமா, எந்தக் கட்டம்?' என்பது போல. கட்டங்கள் எதற்கு என்று அதில் பிடிபட்டுவிடும். நான்கு வாரம் என்பதற்கு மாதக் காலண்டரை மேசையில் வைத்து, மாதத் தேர்வு, கோயில் கொடை, லீவு நாள் எல்லாவற்றையும் அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். கொடைக்கு முன்னாடி நடந்ததா, பின்னாடியா என்று கேட்டால் பிள்ளைகள் தெளிவாகச் சொல்வார்கள்.

எழுத்தில் புரிய வைப்பது கஷ்டம் என்று முன்பே யோசித்தவர்களும் உண்டு. 1991-இல் தொடங்கிய ஐசாக் என்ற உலகளாவிய ஆய்வில் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கேள்விகளோடு வீடியோவும் காட்டினார்கள். மூச்சுத் திணறுகிறவர்களைத் திரையில் காட்டி, உனக்கு இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த ஆய்வில் மதராசும் கோட்டயமும் இருந்தன. உங்கள் பக்கத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டி டிக் வாங்குவதானால், எல்லாருக்குமே அப்படிச் செய்யுங்கள்.


முக்கூடல் அம்மா:

நான் டாக்டரும் இல்லை, ஆய்வும் செய்யவில்லை. என் மூத்தவனுக்குச் சின்ன வயசிலிருந்து இளைப்பு. பீரோவில் பூட்டி வைக்கிற அம்மா நானும்தான், அதனால் எழுதுகிறேன்.

ஏன் பூட்டுகிறோம் என்றும் சிஸ்டர் எழுதவேண்டும். இளையவன் அந்தக் குப்பியை எடுத்து விளையாட்டுக்கு அமுக்கித் தீர்த்துவிட்டான். கேப்ஸ்யூலை ஈரத்தில் வைத்தால் பொடி கட்டிப்போகிறது. பையில் கொண்டுபோனால் யாராவது எடுத்துப் பார்த்து, இவனுக்கு என்னமோ இருக்கு என்று பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மருந்து கொண்டுவரக் கூடாது என்றும் ஒருதடவை சொல்லியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வேறு, "இத இழுத்தா பழகிரும், காலம்பூரா விடமுடியாது" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. எண்ணி எண்ணிக் கொடுத்தால் பழகாது என்று நினைத்தேன். பழகிப்போகிற மருந்து இல்லை என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கின பிறகுதான் போயிற்று. அதனால் பிள்ளையிடம் 'உனக்கு இந்தப் பயம் இருக்கா' என்று கேட்கிற இடத்தில் 'வீட்ல யாருக்கும் இந்தப் பயம் இருக்கா' என்றும் கேளுங்கள். பிள்ளையின் பயம் எங்கள்கிட்ட இருந்துதான் போகுது.

ராத்திரி அவன் நெஞ்சில் காதை வைத்து நான் கேட்கிறதும் மருத்துவம்தான். அதைக் குற்றம் மாதிரி எழுதிவிடாதீர்கள்.

பீடிக்கு வருகிறேன். கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். ஆனால் 'பீடி சுத்துறத நிறுத்த முடியுமா' என்று மட்டும் கேட்காதீர்கள். அந்தச் சுளகுதான் அவனுக்கு மருந்து வாங்குகிறது, ஃபீஸ் கட்டுகிறது. 'எங்க உக்காந்து சுத்துதீங்க, தூளை எங்க வச்சிருக்கீங்க, பிள்ளை எங்க படுக்கான்' என்று கேளுங்கள். நான் இப்போது திண்ணையில் உட்கார்ந்துதான் சுத்துகிறேன். தூள் டப்பாவை மூடி வெளியே வைத்துவிடுவேன். இலை வெட்டின கையோடு அவன் பாயைத் தொடமாட்டேன். முடிகிறது இதுதான். இதை எழுத உங்கள் தாளில் இடம் இருந்தால் எங்களை மாதிரி அம்மாக்கள் உள்ளதைச் சொல்வோம்.


பேட்டைப் பையன்:

அக்கா, நான் காலேஜ் இரண்டாம் வருஷம். ஏழாம் வகுப்பிலிருந்து இன்ஹேலர் எடுக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் சொல்லணும்.

'நண்பர்கள் முன்னால் இன்ஹேலர் எடுக்க முடியுமா' என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் பதில் சரியாக வராது. என் கிரிக்கெட் செட் முன்னால் எடுப்பேன், அவனுங்களுக்கு எல்லாம் தெரியும். வகுப்பில் எடுக்கமாட்டேன், பாத்ரூம் போய் எடுத்துட்டு வருவேன். டவுன் பஸ்ஸில் எடுக்கவே மாட்டேன். கல்யாண வீட்டில் எங்க அம்மாவே எடுக்காதேன்னு கண்ணைக் காட்டுவாங்க. எங்க அக்காவுக்கும் வீசிங் உண்டு, அவளுக்கு வரன் பார்த்த சமயத்தில் மருந்து வீட்டுக்குள்ளேயே ஒளிந்துதான் இருந்தது. அந்த வருஷம் மாதிரி அவள் எப்பவும் கஷ்டப்பட்டதில்லை. எடுக்கத் தெரியும், கையிலும் இருக்கும், ஆனாலும் எடுக்க முடியாது. இதுதான் எங்க வயசில் பெரிய பிரச்சினை.

அப்புறம், ஒரே பெஞ்சில் உட்கார வைத்துத் தாளைக் கொடுக்காதீங்க. பக்கத்தில் இருக்கிறவன் எட்டிப் பார்ப்பான்னு தெரிஞ்சா நான் எல்லாமே நல்லா இருக்குன்னுதான் போடுவேன். வீசிங் இருக்கிற பிள்ளைகளை மட்டும் பேர் சொல்லி வகுப்பிலிருந்து கூப்பிடாதீங்க, அது இன்னும் மோசம்.


பொருநைக்கரை செவிலி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. முக்கூடல் அம்மாவுக்குத் தனியாக. நீங்கள் எழுதினதை என் வழிகாட்டிக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், தனிப் பக்கங்கள் சேர்ப்பதானால் தனக்குச் சம்மதம் என்றார்.

இப்போதைக்கு இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஏ.சி.டி.யின் தமிழ் வடிவத்தைக் கேட்டு எழுதுகிறேன், அதில் கைவைக்கமாட்டேன். சுயநம்பிக்கைத் தாளின் 27 கேள்விகளும் இருக்கும். செயல்திட்டத்துக்குத் தனிக் கட்டம் வைக்கவும், நண்பர்கள் பற்றிய கேள்விக்குக் கீழே வகுப்பு, மைதானம், பஸ், விசேஷ வீடு என்று இடம் வாரியாகத் துணைக்கேள்வி வைக்கவும் அனுமதி கேட்பேன். துணைக்கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. பொறுப்புத் தாளைப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் தனித்தனியாகக் கொடுப்பேன், இரண்டு பேரும் ஒரே பதில் சொல்கிறார்களா என்று எனக்குத் தெரியவேண்டும். விட்டுப்போன செயல்கள் பற்றிய பக்கம் டாக்டர் சொன்னபடி கடைசியில் வரும். பீடி பற்றிய கேள்விகளை முக்கூடல் அம்மா சொன்ன வரிசையிலேயே எழுதிவிட்டேன்.

தம்பி, நீங்கள் சொன்னது முக்கியம். வகுப்பு முழுக்க உயரம், எடை பார்க்கிற அன்றைக்கே ஒவ்வொருவராக உள்ளே வரச் சொல்லி, வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு அங்கேயே தாளைக் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். அப்போது யார் எதற்கு உள்ளே போனார்கள் என்று வெளியே தெரியாது. பெற்றோர் சம்மதம் முன்கூட்டியே வீட்டில் போய் வாங்கிவிடுவேன். 12 வயதுக்கு மேல் பிள்ளையின் எழுத்துச் சம்மதமும் வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) விதி இருப்பதால், வேண்டாம் என்று சொல்கிற பிள்ளையை உயரம் மட்டும் பார்த்து அனுப்பிவிடலாம்.

இரண்டு சந்தேகம் டாக்டரிடம். இரண்டு வாரம் கழித்து அதே தாளைத் திரும்பக் கொடுத்துப் பதில் மாறாமல் வருகிறதா என்று பார்க்கவேண்டும். எந்த மாதம் வைத்துக்கொள்ளலாம்? ஒரு பிள்ளையின் தாளைப் பார்க்கும்போதே ஆபத்து தெரிந்தால் ஆய்வாளராக நான் என்ன செய்யவேண்டும்?


அம்பாசமுத்திரம் குழந்தை மருத்துவர்:

பிசான அறுவடை மும்முரமாக நடக்கிற மாசி, பங்குனி வேண்டாம். நெல் தூசியும் வைக்கோலும் ஊர் முழுக்க இருக்கும். ஆனியில் காற்று தொடங்குகிற சமயமும் வேண்டாம். முதல் தடவை நன்றாக இருந்த பிள்ளை இரண்டாவது தடவை உண்மையிலேயே மோசமாகியிருக்கும், நீங்கள் தாளின் மேல் சந்தேகப்படுவீர்கள். மார்கழிப் பனியிலும் இதே கதைதான். காலாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரங்கள் பரவாயில்லை. இரண்டாவது தடவை 'போன தடவையைவிட நெஞ்சு எப்படி இருக்கு' என்று ஒரு கேள்வி சேர்த்துவிட்டு, அப்படியேதான் இருக்கு என்கிற பிள்ளைகளின் தாளை மட்டும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு: தாளை அன்றன்றே, பிள்ளை அறையை விட்டுப் போகும் முன்பே பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுவதால் உட்கார்ந்தே தூங்குகிறேன் என்று எழுதின தாளை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று இருக்கக்கூடாது. ஏ.சி.டி. 19 அல்லது கீழே வந்தால் வீட்டுக்குச் சொல்லி அந்த வாரமே டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குகிற பிள்ளை, விலா ஒட்டி ஒட்டி மூச்சு இழுக்கிற பிள்ளை, உதடு நீலமாகத் தெரிகிற பிள்ளை என்றால் தாளை அப்படியே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை படுக்க வைக்காதீர்கள், உட்கார்ந்தபடியே ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டுகிற குழாய்) சால்பியூட்டமால் கொடுங்கள். ஒவ்வொரு பஃப்பாக, நடுவே நாலைந்து மூச்சு விட்டுக் கொடுக்கவேண்டும். பள்ளிக்குப் போகும் உங்கள் பையில் ஒரு ஸ்பேசரும் இன்ஹேலரும் இருக்கட்டும். எந்தப் பள்ளிக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம் பக்கம் என்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மதப் படிவத்தில் இதை வெளிப்படையாக எழுதிவிடுங்கள், பிள்ளைக்கும் வாயால் சொல்லிவிடுங்கள்: 'நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன், ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உன்னிடம் சொல்லிவிட்டு உன் வீட்டில் பேசுவேன்.' முதலில் பிள்ளையிடம், அப்புறம்தான் அம்மாவிடம்.


பொருநைக்கரை செவிலி:

சரி டாக்டர். அந்த வரியைச் சம்மதப் படிவத்தில் சேர்த்தாயிற்று. ஆகஸ்ட் கடைசியில் முதல் சுற்று, செப்டம்பர் நடுவில் இரண்டாவது என்று வைத்துக்கொள்கிறேன். முக்கூடல், பாப்பாக்குடி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த வாரமே போய்ப் பேசிவிடுகிறேன்.